மைக் இல்லாத நாற்காலி

பொன்னுரங்கம் கோர்ட்டில் எழுந்து நின்றாலே எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாக்கு வறண்டுவிடும். அப்பேர்ப்பட்ட ஆள். தேறாது என்று ஊரே கைகழுவிய வழக்கையெல்லாம் எடுத்து ஜெயித்துக் காட்டியவர். வயது ஐம்பதைத் தாண்டியபின் அவருடைய கல்லூரித் தோழன் தணிகாசலம் அவர்கள் நாட்டு நாடாளுமன்றத்துக்குச் சபாநாயகர் ஆனார். "உன் மூளை எனக்கு வேணும்டா, வந்துடு" என்று கூப்பிட்டு, சட்ட ஆலோசகர் அலுவலகத்தில் சேர்த்தும் விட்டார்.

அங்கே தலைமை ஆலோசகர் மங்கையர்க்கரசி. பொன்னுரங்கத்தைவிட வயதில் சின்னவர். கோர்ட்டில் ஒரு வழக்குகூட நடத்தியதில்லை. 'இந்தம்மாவிடம் நான் என்னத்தைக் கற்றுக்கொள்வது?' என்றுதான் வந்த அன்று பொன்னுரங்கம் நினைத்தார்.

ஆனால் சபையில், சபாநாயகரின் மேடைக்குக் கீழே, ஆலோசகருக்கு ஒரு நாற்காலி உண்டு. அதற்கு மைக் கிடையாது. சபாநாயகர் குனிந்து கேட்பார். மங்கையர்க்கரசி ஒரு சொல் சொல்வார். அதன்படி சபை நடக்கும். பார்க்கப் பார்க்கப் பொன்னுரங்கத்துக்கு அந்த நாற்காலிமேல் ஆசை வந்துவிட்டது. அதனால் மங்கையர்க்கரசியைக் குருவாக ஏற்றுக்கொண்டார். முழு மனதோடா என்று கேட்காதீர்கள்.

அந்தச் சமயம் அரசாங்கம் ஆட்டம் கண்டிருந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் மறுநாள் வாக்கெடுப்புக்கு வருகிறது. உப்பளத் தொகுதி உறுப்பினர் மாரிக்கொழுந்து சுயேச்சை, எந்தக் கட்சிக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. தீர்மானத்தை ஆதரிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு ஓட்டில் ஆட்சி கவிழும், கூடவே ஆளுங்கட்சிக்காரரான தணிகாசலத்தின் பதவியும் போகும்.

தணிகாசலம் பொன்னுரங்கத்தைத் தனியே அழைத்தார்.

"நாளைக்கு ஒரு நாள் அந்த மாரிக்கொழுந்தம்மாவைச் சபைக்கு வெளியில நிறுத்த முடியுமாடா?"

இதெல்லாம் நம் ஆளுக்கு ஒரு கேள்வியா? மதியச் சாப்பாட்டுக்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். அமளி செய்யும் உறுப்பினரை அன்று முழுவதும் சபாநாயகர் வெளியேற்றலாம் என்று ஒரு விதி இருந்தது. அமளி வரும் என்று சபாநாயகருக்குத் தோன்றினாலே போதும் என்று அதை இழுத்து நீட்டினார். தணிகாசலம் கட்டிப்பிடிக்காத குறைதான்.

பொன்னுரங்கம் நேராகக் குருவிடம் போய்ச் சொன்னார். மெச்சிக்கொள்வார் என்று நினைத்தாரோ என்னவோ!

மங்கையர்க்கரசி கோபப்படவில்லை.

"சபாநாயகர் உங்ககிட்ட என்ன கேட்டார், சார்?"

"முடியுமான்னு கேட்டார், மேடம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்படின்னு சொன்னேன்."

சொன்னபிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

"வாங்க" என்று மங்கையர்க்கரசி எழுந்தார்.

சபை அன்றைய வேலையை முடித்துக் கலைந்திருந்தது. யாருமில்லை. பின்வரிசையில் ஓர் இருக்கையைக் காட்டினார்.

"மாரிக்கொழுந்து இடம். உட்காருங்க."

உட்கார்ந்தார். மங்கையர்க்கரசி முன்னால் போய்ச் சபாநாயகரைப் போலத் திரும்பி நின்றார்.

"உறுப்பினர் பொன்னுரங்கம், வெளியே போங்க."

"நான் என்ன அமளி பண்ணினேன்?"

"பண்ணல. பண்ணுவீங்கன்னு தோணுது."

"தோணுதா? யாருக்கு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் தோணும்!"

வக்கீல் விழித்துக்கொண்டுவிட்டார். எழுந்து நின்று பிளந்து கட்டினார். தோன்றுவதை வைத்துத் தண்டிக்கலாம் என்றால் நாளைக்கு இந்தச் சபையில் யார் மிஞ்சுவார்கள்? உப்பளத்துச் சனம் கால் வெடிப்போடு வரிசையில் நின்று போட்ட ஓட்டுக்கு என்ன மதிப்பு? தன் வாதத்தைத் தானே கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். குரல் பார்வையாளர் மாடம் வரை போய் முட்டியது.

மங்கையர்க்கரசி முழுக்கக் கேட்டார்.

"நல்லாப் பேசினீங்க. இதை யார்கிட்ட பேசப் போறீங்க?"

பொன்னுரங்கம் மேடையில் காலியாகக் கிடந்த சபாநாயகர் நாற்காலியைப் பார்த்தார்.

"கோர்ட்டுல நீங்க சட்டத்தை இழுத்தா, போதும்னு சொல்ல மேலே ஒருத்தர் இருந்தார். இங்கே?"

"சபாநாயகர் சொன்னா அதுக்கு மேல இங்கே ஒண்ணும் இல்ல, மேடம்" என்றார். பொத்தென்று உட்கார்ந்தார்.

"தணிகாசலம்தான் எனக்கு இந்த வேலையே கொடுத்தான்" என்றார் பொன்னுரங்கம்.

"தெரியும்."

"இனிமே என் முகத்துல முழிக்க மாட்டான்."

"மாட்டார்" என்றார் மங்கையர்க்கரசி. "நாளைக்கு என் நாற்காலியில நீங்க உட்காருங்க."

ஆசைப்பட்ட நாற்காலிதான். ஆனால் இப்படிக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. கீழே நண்பன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தணிகாசலத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. குனிந்தார்.

"ஆரம்பிக்கட்டுமாடா?"

"முடியாது."

"என்னது?"

"அவங்களை வெளியேத்த முடியாது. நேத்து நான் சொன்னது தப்பு."

"டேய், என் பதவியே போயிடும்டா!"

"தெரியும்டா."

"உன்னை இங்கே கொண்டுவந்தது யாரு?"

பொன்னுரங்கம் அண்ணாந்து பார்த்தார். ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பன் இல்லையா! கோர்ட்டில் அடுக்கடுக்காக வந்து விழும் சொற்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"முடியாது" என்றார் மறுபடியும்.

தணிகாசலம் நிமிர்ந்தார். பின்வரிசையில் மாரிக்கொழுந்து கைகளைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். சபாநாயகர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலமும் மோசமான மனிதர் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். கடைசியில் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். அரசாங்கம் கவிழ்ந்தது. இறங்கிப் போகும்போது அவர் கீழே இருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது. அவர்களில் ஒருவர் சபாநாயகர் ஆனார். வந்ததும் முதல் வேலையாகப் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். டீ, முந்திரி பக்கோடா, பலமான உபசாரம்.

பொன்னுரங்கம் பூரித்துப்போய் மங்கையர்க்கரசியின் அறைக்கு வந்தார். நண்பனை இழந்த வருத்தத்துக்கு அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

"புது சபாநாயகர் என்ன சொன்னார் தெரியுமா, மேடம்? 'நீங்க நம்ம ஆளு'ன்னு தோள்மேல கை போட்டார்!"

மங்கையர்க்கரசி படித்துக்கொண்டிருந்த மசோதாவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்படியா? இன்னும் அவர்கிட்ட நீங்க முடியாதுன்னு சொல்லலை போலிருக்கு."