முகத்தத் திருப்பிக்கிட்ட செடி

ஒரு காட்டுல ஒரு கரடி இருந்துச்சு. எந்தக் காடுன்னு கேக்காதீங்க புள்ளைங்களா, கேட்டா நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்பி வச்சிருவேன். மலையோரக் குகையில தன்னந்தனியாக் கெடந்த கரடி அது. எல்லாத்து மேலயும் சந்தேகம். தன் நெழலு பின்னால வந்தாக்கூட, "என்னடா, வேவு பாக்குறியா?"ன்னு கேக்கும்.

ஒரு நாள் அணிலு ஒண்ணு, காட்டு பங்களாவுலேர்ந்து மணி பிளான்ட் துண்டு ஒண்ணக் கவ்விக்கிட்டு வந்து, ஓட்டப் பானையில நட்டுக் குடுத்துச்சு.

"கரடியண்ணே, தொணைக்கு வச்சுக்கங்க. ரொம்ப சாதுவான செடி. மண்ணு காஞ்சா ஒரு கை தண்ணி. வெளிச்சம் படுற எடத்துல வைங்க. வேற ஒண்ணும் கேக்காது."

"பேசுமா?"

"பேசாதுண்ணே."

"அப்பாடா. உனக்கு இது எவ்வளவோ தேவல."

கரடிக்குச் செடி மேல உசுரு. எலையில தூசி படிஞ்சா நாக்காலயே தொடைக்கும். மனசுல இருக்குறதெல்லாம் அதுகிட்டதான் சொல்லும். செடியும் வெத்தல மாதிரி பளபளன்னு எல விட்டுச்சு.

ஒரு நாள் பாத்தா, அத்தன எலையும் கரடிக்கு முதுகக் காட்டிக்கிட்டு, குகை வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வாசல்ல யாருமே இல்ல.

கரடி பானையத் திருப்பி வச்சுச்சு. நாலே நாள்ல ஒவ்வொரு எலையா, சத்தமில்லாம, மறுபடியும் வாசப்பக்கம் திரும்பிக்கிச்சு. மறுபடி திருப்புச்சு. மறுபடி திரும்புச்சு. கரடிக்கு முதுகு மயிரெல்லாம் நட்டுக்கிச்சு.

அந்தப் பக்கமா நரி வந்துச்சு. குகைக்கு நேர் எதுக்க ஒரு நாவ மரம், பழமாக் கொட்டிக் கெடக்குது. கரடி இருக்குற வரைக்கும் நரிக்கு ஒரு கொட்ட கூடக் கெடைக்காது.

"டேய் நரி! என் செடி யாரடா இப்படிப் பாக்குது?"

நரி செடியப் பாத்துச்சு. மரத்தப் பாத்துச்சு. எச்சில முழுங்கிக்கிச்சு.

"ஐயையோ அண்ணே! நாவ மரத்து மோகினி கூப்புடுறா. உங்க செடியத் தூக்கிட்டுப் போகப் போறா!"

"மோகினிக்கு எதுக்குடா செடி?"

"அவ வீடும் பாக்க அழகா இருக்க வேணாமா? மொதல்ல பாறாங்கல்ல வச்சு வாசல அடைங்க. ஆடி கழியிற வரைக்கும் தொறக்காதீங்க. தெரிஞ்ச கொரல்லயே வந்து கூப்புடுவா, ஏமாந்துராதீங்க!"

கரடி வாசல அடைச்சுச்சு. உள்ள தேன் இருந்துச்சு, சொட்டுற ஊத்து இருந்துச்சு. வெளிச்சந்தான் இல்ல. மேல பாறை வெடிப்பு வழியா நூலு மாதிரி ஒரு கீத்து, அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் போச்சு. வெடிப்புலேர்ந்து ஒரு கொரலு. "அண்ணே... அண்ணேய்... தொறங்க... செடி செத்துரும்..."

"வந்துட்டா! அணிலு கொரல்லயே வந்துட்டா! போடி!"

"போடியா? நான் ஆம்பள அணிலுண்ணே!"

"மோகினின்னா அப்படித்தான் சொல்லுவ!"

கொரலு நின்னு போச்சு.

அதுக்கப்புறம் இருட்டுக்குள்ள வேற சத்தம். 'பொத்.' ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு. 'பொத்.' கரடி காத மூடிக்கிட்டுச் செடிப் பக்கமா ஒண்டிக்கிச்சு. "பயப்படாத, நான் இருக்கேன்"னுச்சு. யாருக்கு யாரு தைரியம் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா.

ஒரு நாள், வெளிய உச்சி வெயிலு, உள்ள கும்மிருட்டு. கரடி பொரண்டு படுத்துச்சு. மூக்கு மேல சில்லுன்னு ஏதோ பட்டுச்சு. மெல்லிசா, நீளமா, ஒரு வெரலு.

கைய நீட்டித் தடவிப் பாத்துச்சு. வெரலுக்கு நகம் இல்ல. கணு கணுவா இருந்துச்சு. தடவத் தடவ அது முடியவே இல்ல, போய்க்கிட்டே இருந்துச்சு.

"உள்ளயே வந்துட்டாடோய்!"

கரடி பாய்ஞ்ச பாய்ச்சல்ல பாறாங்கல்லு உருண்டு போச்சு. வெயிலு உள்ள பாய்ஞ்சுச்சு. கரடி திரும்பிப் பாத்துச்சு.

மோகினியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பானையச் சுத்தி, 'பொத்' 'பொத்'துன்னு உதுந்த மஞ்ச எலைங்க. பானையிலேர்ந்து வெள்ளவெளேர்னு ஒத்தக் கொடி, கரடி படுக்கையத் தாண்டி, சொவத்துல தொத்தி, வெடிப்பு வரைக்கும் போயிருந்துச்சு. நுனியில, அந்த நூலு வெளிச்சத்துல, நகமளவு ஒரே ஒரு பச்ச எல.

நாவ மரத்தடியில நரி வயிறு ஊதிப் படுத்திருந்துச்சு.

"டேய், மோகினி எங்கடா?"

"அவளா... நேத்துத்தான் ஊருக்குக் கெளம்புனாண்ணே."

சொல்றதுக்கு வாயத் தொறந்துச்சா, நாக்கு, பல்லு, ஈறு எல்லாம் ஊதா! கரடி மரத்த அண்ணாந்து பாத்துச்சு. ஒரு பழம் இல்ல. கரடி தலையக் கீழ எறக்குறதுக்குள்ள நரி அடுத்த மலையில இருந்துச்சு.

அணிலு ஓடி வந்துச்சு. கரடி கொடியக் காட்டுச்சு. "பொழைக்குமாடா?"

"அந்த ஒரு எல இருக்குல்லண்ணே. செடி தேடுனதெல்லாம் வெளிச்சந்தாண்ணே, அது பட்டா வந்துரும்."

ரெண்டு பேருமா கொடிய ஒடியாமச் சுருட்டி, பானைய வாசலோரமா வச்சாங்க. நாலு நாள் ஆச்சு. அந்தக் குட்டி எல மெதுவா கரடிக்கு முதுகக் காட்டிக்கிச்சு.

பானையத் திருப்பக் கரடி கைய நீட்டுச்சு. அப்புறம் மடக்கிக்கிச்சு. எந்திரிச்சு வெளிய போயி, அந்த எல பாக்குற எடத்துல உக்காந்துக்கிச்சு.

நீதி: நமக்குப் புடிச்ச உசுருக்கு வேண்டியதக் குடுக்கணும், நம்மளயே பாத்துக்கிட்டு இருக்கணும்னு கதவ அடைக்கக் கூடாது.