பனிக்குள் எழுந்த கை

புதிர் என்றதும் முந்திக்கொண்டு வந்து நிற்கிற புத்திசாலிகளே, கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதை நடக்கிற ஊரில் தை மாதத்துப் பனி விடிந்து வெகுநேரம் ஆனாலும் விலகாது. எதிரே நிற்பவர் முகமே தெரியாது. அவசரப்பட்டால் நீங்களும் எதிலாவது முட்டிக்கொள்வீர்கள்.

ஊரின் பெயர் நீர்முள்ளிப்பட்டி. ஏரிக்கரையை ஒட்டிய ஊர். அங்கே திலோத்தமை என்றொருத்தி இருந்தாள். அவள் கணவன் சிங்காரவேலன் ஒருநாள் வயலிலிருந்து வந்து உட்கார்ந்தவன், அதன்பிறகு யாரோடும் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவான். விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வான். பனி கலைந்து கொக்குகள் கூட்டமாக எழும்பும்போது மட்டும் வலது கையை மெல்ல உயர்த்துவான். அவை மறைந்ததும் இறக்கிவிடுவான். எதற்கென்று யாருக்கும் தெரியாது.

திலோத்தமை மந்திரித்துப் பார்த்தாள், கயிறு கட்டிப் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக பஸ் ஏற்றினாள். கூட்டத்தைக் கண்டு நடுங்கிய அவன் பாதி வழியில் இறங்கிக் கரும்புக் காட்டுக்குள் ஓடிவிட்டான். நோயாளி போக முடியாவிட்டால் மருத்துவராவது வரட்டும் என்று அவள் மாவட்ட மனநல மருத்துவரிடமே போய் நின்றாள். ஊராட்சி ஓர் அறை ஒதுக்கித் தீர்மானம் போட்டால் வியாழன்தோறும் வருவதாக அவர் சொன்னார்.

அறை இருந்தது. மூடிக்கிடந்த பழைய நூலக அறை. ஆனால் பால் கொள்முதலுக்கு அது வேண்டும் என்று கோதண்டம் முன்பே கேட்டிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. எருமைகள் வைத்திருப்பவர். வெயிலில் பால் திரிந்துபோவதைப் பார்த்து வயிறெரிகிற மனிதர்.

முந்தைய கிராம சபையில் மருத்துவருக்காகத் திலோத்தமையின் கையைத் தவிர ஒரு கைகூட எழவில்லை. முடிவு எடுக்காமல் அடுத்த சபைக்குத் தள்ளிவைத்தார்கள். இத்தனைக்கும் திலோத்தமை வீடு வீடாகப் போனபோது தலையாட்டாதவர்களே கிடையாது. இரவெல்லாம் தூங்காத மருமகள், காரணம் தெரியாமல் அழுகிற தம்பி என்று வீட்டுக்கொரு சங்கதி இருந்தது. கை தூக்கினால் அது ஊருக்குத் தெரிந்துவிடுமே. மானம் என்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு மனிதர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

ஊராட்சித் தலைவி குயிலி இதை யோசித்துப் பார்த்தாள். குடியரசு நாள் கிராம சபையை ஏரிக்கரையிலேயே, பனி விலகுவதற்கு முன்பே கூட்டிவிட்டாள்.

"கை தூக்குறவங்க முகம் யாருக்கும் தெரியாது. செயலர் தொட்டு எண்ணிக்குவாரு" என்றாள்.

எங்கு பார்த்தாலும் வெள்ளை. அதற்குள் ஓர் இருமல், ஒரு வளையல் சத்தம், எங்கேயோ ஒரு குழந்தையின் சிணுங்கல். ஊர் மொத்தமும் ஒரே கனவுக்குள் உட்கார்ந்திருந்தது. ஊராட்சிச் செயலர் பனிக்குள் நடந்து, குளிர்ந்த கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முதலில் பாலுக்கு. கோதண்டம் மட்டும் "என் கைதான்யா இது" என்று குரல் கொடுத்தே தூக்கினார். பிறகு மருத்துவருக்கு. இந்தமுறை கைகள் எழுந்தன. எண்ணி முடித்தால் இரண்டு பக்கமும் சமம். தலைவி கை தூக்குவதில்லை என்பது அவ்வூர் வழக்கம்.

"டாக்டருக்கு இன்னும் யாராச்சும் உண்டா?" என்று குயிலி கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பனி கலைந்தது. கரையோரம் ஒரு கை உயர்ந்திருந்தது. அது சிங்காரவேலனின் கை. அவனுக்கு எதிரே ஏரியிலிருந்து கொக்குகள் எழும்பிக்கொண்டிருந்தன.

"அது செல்லாது தலைவரம்மா" என்றார் கோதண்டம். "அவனுக்குச் சித்தம் சரியில்ல. எதுக்குத் தூக்குறோம்னே தெரியாது."

"அவருக்கும் ஓட்டு இருக்குண்ணே" என்றாள் திலோத்தமை.

"இருக்கட்டும் தங்கச்சி. நீயே சொல்லு. டாக்டருக்குத் தூக்கினானா, கொக்குக்குத் தூக்கினானா? நீ என்ன சொன்னாலும் ஒத்துக்கறேன்."

ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், அறை கிடைத்துவிடும். திலோத்தமை கணவனைப் பார்த்தாள். பறவைகள் போன திசையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வைத்துப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"கொக்குக்காகத்தான் இருக்கும்ணே" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போது வாருங்கள், புத்திசாலிகளே. அந்தக் கையை எண்ணினால், உண்மை பேசியவளின் வார்த்தைக்கு மதிப்பில்லை. எண்ணாவிட்டால் அறை பூட்டியே கிடக்கும், அவனும் கரையிலேயே கிடப்பான். திலோத்தமை உண்மை சொன்னது சரியா? கோதண்டம் தடுத்தது சரியா? குயிலி அந்தக் கையை என்ன செய்தால் சரி?

விடை இதுதான். குயிலி அந்தக் கையை எண்ணவில்லை. அந்த மட்டில் கோதண்டம் தடுத்தது சரி. அவள் அவரிடமே திரும்பி, "சித்தம் சரியில்லன்னு நீங்கதான் சொன்னீங்க. அதைச் சரி பண்ண ஆள் வேணுமா, வேணாமாண்ணே?" என்று கேட்டாள். முகத்தை மூடி நின்ற திலோத்தமையைக் கோதண்டம் பார்த்தார். அவள் பொய் சொல்லியிருந்தால், கொடுத்த வாக்கையும் மறந்து, ஏமாற்றிவிட்டாள் என்று சண்டைக்கு நின்றிருப்பார். "என் கையை எடுத்துருங்க" என்றார். எந்தக் கையைச் சேர்ப்பது என்றே நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தீர்கள். சமமாக நின்ற வழக்கு, ஒரு கை இறங்கியதால் தீர்ந்தது. அறை மருத்துவருக்கு, அதன் நிழலான வராந்தா பாலுக்கு என்று முடிவானது. முதல் வியாழக்கிழமை மருத்துவர் வந்து உட்கார்ந்து, "யாரு முதல்ல?" என்று கேட்டார். வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிங்காரவேலன் மெல்லக் கையை உயர்த்தினான். அந்த அறையிலிருந்து பார்த்தால் ஏரி தெரியாது.