விளக்கு வைத்த பிறகு கூட்டிய குப்பை

கோவில்பட்டியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடி அறையில், செண்பகவல்லி டீச்சர் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்து வந்தார். இணையத்தில் வாரத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் தொடர்கதை அத்தியாயங்களை ஒன்றாகக் கோத்து மின்னூலாக்கும் வித்தை. அதற்கான கருவியையும் அவரே எழுதியிருந்தார். அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கதையின் முகவரியைத் தட்டி, என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தில் ஒரு சொல்லையும் தட்டினால் போதும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபத்தாறு. பத்திரிகை அலுவலகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். கல்யாண அழைப்பிதழில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் மொய் எழுதவே கை வராத ஆள். மகள் வயசு இருக்கும் ஒரு பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்கிறாரே என்று வீட்டில் சிரித்தார்கள். முதலில் அவரும் கேலியாகத்தான் 'டீச்சர்' என்று கூப்பிட்டார். போகப்போகக் கேலி உதிர்ந்து, கூப்பிடுவது மட்டும் நிலைத்தது.

அந்தச் சமயத்தில் ஒரு கதைத் தளம் மூடப்போவதாக அறிவித்தது. அதில் எழுதிக்கொண்டிருந்த பெண்கள் பதறிப்போய் டீச்சரைத் தேடி வந்தார்கள். கடையநல்லூர் ராபியாவும் அவர்களில் ஒருத்தி. அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க, போனிலேயே ஒரு முழு நாவலை எழுதி முடித்தவள். என் கதையை எப்படியாவது காப்பாற்றிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனாள். அந்த வேலையை டீச்சர் கோமதிநாயகத்திடம் ஒப்படைத்தார். அவருக்கு அதுதான் கன்னி முயற்சி.

கருவி பக்கங்களை அப்படியே வாரிக்கொண்டு வந்தது. கதையோடு, கதைக்குக் கீழே வாசகர்கள் போட்டிருந்த கமெண்டுகளும் வந்து விழுந்தன. கைதட்டும் பொம்மைகள், அடுத்தது எப்போது என்று அவசரப்படுத்தும் வரிகள். போதாததற்கு, ஒவ்வொரு அத்தியாயத்துக்குக் கீழேயும் தவறாமல் ஒரே வரி: 'படிச்சிடேன் ராத்தா. நீ சாப்டியா.' ஒற்றும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. கோமதிநாயகத்துக்கு உடம்பே அரித்தது.

"டீச்சர், எது கதை, எது குப்பைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

செண்பகவல்லி அப்போது அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். முறத்தில் குப்பை சேர்ந்ததும், பெரிய மனுஷன் சும்மா நிற்கக் கூடாதே என்று கோமதிநாயகம் அதை வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கப் போனார்.

"வேண்டாம் சார். விளக்கு வச்சாச்சு. மூலையில வைங்க. காலையில பாத்துட்டுக் கொட்டிக்கலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கே வேலை சொல்கிற பெண், ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்றுகொண்டு வீட்டுப் பெரியவர்கள் மாதிரிச் சாஸ்திரம் பேசுகிறதே என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் முறத்தை மூலையில்தான் வைத்தார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை என்ற குறையோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் அவரே முடிவெடுத்தார். முகவரிக்குப் பக்கத்தில் 'கழி' என்ற சொல்லைச் சேர்த்துத் தட்டினார். கமெண்டுகள் போன இடம் தெரியவில்லை. கதை மட்டும் நின்றது. புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி இருந்தது புத்தகம். பெருமையோடு ராபியாவுக்கு அனுப்பிவைத்தார். சொன்ன தேதியில் தளத்தையும் மூடிவிட்டார்கள்.

சில நாள் கழித்து ராபியா போன் செய்தாள். புத்தகம் ரொம்ப அழகாக இருக்கிறது, பிள்ளைகளிடம்கூடக் காட்டினேன் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

"கீழ நசீமா எழுதுனது எந்தப் பக்கத்துல சார் இருக்கு? எனக்குப் பாக்கத் தெரியல."

எந்த நசீமா என்று கேட்டார். அவள் சொன்னாள். நசீமா அவளுடைய தங்கை; அக்காவை 'ராத்தா' என்றுதான் கூப்பிடுவாள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். அங்கே வேலை ஓய்ந்து படுக்கப் போகுமுன் அக்காவின் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, கீழே அந்த ஒரு வரியை எழுதிவிட்டுத்தான் தூங்குவாள். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. அவளுக்கு எழுத வந்தது அவ்வளவுதான். நாவல் முடிந்த மறு வருஷம் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். அவளை அந்த ஊர் மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ராபியா கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை.

"அவ கையால எழுதுனதுன்னு அது ஒண்ணுதான் சார் இருக்கு."

பார்த்துச் சொல்கிறேனம்மா என்று கோமதிநாயகம் போனை வைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தளத்தைத் தேடினார், வெறும் வெள்ளைத் திரைதான் வந்தது. எத்தனையோ பேருடைய எழுத்தில் பிழை கண்டுபிடித்துப் பேர் வாங்கிய மனுஷன், அன்று நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடை மாடிக்கு ஓடினார்.

அங்கே விளக்குப் போட்டிருந்தது. கூட்டிய குப்பை முறத்தோடு மூலையில் இருந்தது. ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். குப்பை என்று நினைத்து நானேதான் கழித்தேன், அந்தப் பிள்ளை முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று புலம்பினார்.

செண்பகவல்லி அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. லேப்டாப்பை வாங்கித் தன் பக்கம் திருப்பினார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு சொல்லைத் தட்டினார்: 'மூலை.'

கைதட்டும் பொம்மைகள் வந்தன. அவசரப்படுத்தும் வரிகள் வந்தன. அவற்றுக்கு நடுவே, அத்தியாயத்துக்கு ஒன்றாக, நசீமாவின் வரியும் வந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

கோமதிநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கிருந்தே ராபியாவை அழைத்தார். கிடைத்துவிட்டதம்மா, புத்தகத்தில் சேர்த்து அனுப்புகிறேன், அதுவரை வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். சரி என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓர் எழுத்தையும் திருத்தாமல், இருந்தது இருந்தபடி வாசித்தார்.

"படிச்சிடேன் ராத்தா. நீ சாப்டியா."

போன் நின்றுபோய்விட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார். அதற்குள் ராபியாவின் குரல் வந்தது. அது அவரிடம் பேசிய குரல் அல்ல.

"சாப்ட்டேன்டி."

அடுத்த அத்தியாயத்தின் வரியை வாசித்தார். அதற்கும் அதே பதில்தான் வந்தது. அப்படியே இன்னும் சில அத்தியாயங்களின் வரிகளை வாசித்தார். மிச்சத்தை அவளே படித்துக்கொள்ளட்டும் என்று போனை வைத்தார்.

பிறகு கோமதிநாயகம் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"கழின்னுதானே டீச்சர் நான் சொன்னேன். உங்க கருவி ஏன் கேக்கல?"

"கேட்டுச்சே சார். கூட்டி ஒதுக்கிருக்குல்ல."

"அப்ப எப்பதான் கொட்டும்?"

"விடிஞ்சதும்."

அவர் மூலையில் இருந்த முறத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"இதுக்கு எப்ப டீச்சர் விடியும்?"

"அதுக்குச் சொந்தக்காரங்க வந்து பாத்ததும்."