அலை இல்லாத படம்

பொன்னுரங்கம் செல்போனை மடத்துக் குரு நீலாயி அம்மையின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாருங்கம்மா. நல்லாப் பாருங்க. இதுல அலை எங்கே இருக்கு?"

குரு பார்த்தார். ஆற்றங்கரைத் தாழம்புதருக்குள் கேமராவை ஒளித்து வைத்து, நிமிஷத்துக்கு ஒரு படமாக எடுத்துக் கோத்த டைம்லாப்ஸ். காலையிலிருந்து மதியம் வரை நடந்ததெல்லாம் சில மூச்சுக்குள் ஓடி முடிந்தது. மடத்துப் படகு கரையில் கட்டிக் கிடந்தது. பிறகு படகைக் காணோம். ஓரமெல்லாம் சேறாகக் கிடந்த ஆறு திடீரென்று நிரம்பி நின்றது. படகு பழைய இடத்துக்கே வந்திருந்தது.

"கடல் ஆத்துக்குள்ள எதிர்த்து ஏறி வருதாம். ஆள் உயரத்துக்கு ஓத அலையாம்! கரையில கிடந்தா படகு நொறுங்கிடுமாம், அதான் நடு ஆத்துக்குக் கொண்டு போனாராம் இந்த சவரிமுத்து. யாருகிட்ட கதை விடறான்? கள்ளச் சவாரி போயிருக்கான்மா."

வாசலில் நின்ற படகோட்டி சவரிமுத்து துண்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"கேமரா பொய் சொல்லாதுங்கிறாரு ஐயா. நானும் சொல்லலைங்கம்மா."

மடத்துக்கு வந்து சேருமுன் பொன்னுரங்கம் பழைய இன்ஜின் வாங்கி விற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். ஓடவிட்டு, புகையின் நிறத்தைப் பார்க்காமல் எந்த இன்ஜினுக்கும் விலை பேசியதில்லை, மனுஷனுக்கும் அப்படித்தான். கடலையே இந்த வருஷம்தான் பார்த்தார். வந்த வேகத்தில் படகும் படகோட்டியும் அவர் பொறுப்புக்கு வந்திருந்தன.

"இன்னைக்கே இவனை அனுப்பிடறேன்."

"திருடன்னு பேர் வாங்கினவனை எந்தப் படகுத்துறையில ஐயா சேர்ப்பாங்க? துடுப்பைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே."

குரு செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கும் ஓதம் இருக்கு. படகைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்க, பொன்னுரங்கம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். படகுக்கு ஒண்ணும் ஆகலைன்னா இவரை அனுப்பிடுங்க."

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. கேட்ட விலைக்கு ஒருத்தர் உடனே தலையாட்டினால், சரக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

"ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுட்டீங்களா?"

"பூட்டையும் நீங்களே வாங்கிட்டு வாங்க."

மறுநாள் கரையில் நட்ட இரும்புத் தூணோடு படகைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். கேமராவை இம்முறை ஒளிக்கவில்லை, முக்காலியில் ஏற்றிப் பகிரங்கமாக வைத்தார்.

குரு வந்தார். நேராகப் படகில் ஏறி உட்கார்ந்தார். சவரிமுத்துவும் துடுப்போடு ஏறிக்கொண்டான்.

"அம்மா, இறங்குங்க."

"எதுக்கு? அலைதான் இல்லையே."

பொன்னுரங்கம் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

ஆற்றின் வளைவுக்கு அப்பால், லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். கரையோரப் படகுகள் எல்லாம் கூச்சலோடு நடு ஆற்றுக்கு விரைந்தன. இத்தனை பேருமா இவனுக்காக நடிக்கிறார்கள்? நடிப்பார்கள். ஒரே துறை ஆட்கள்தானே.

"ஐயா, சாவி!"

சவரிமுத்து கையை நீட்டினான். கொடுத்தால் கிளம்பிவிடுவான். அலை வராமலே போனாலோ, ஏமாந்தவன் பொன்னுரங்கம் என்று துறை முழுக்கச் சிரிக்கும்.

ஆற்றைப் பார்த்தார். ஓரத்தில் சேறும் நடுவில் ஆழத்தண்ணீருமாகச் சும்மா கிடந்தது. கேமராவைப் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. குருவைப் பார்த்தார். அவர் சாவியைக் கேட்கவே இல்லை. நீட்டிய கையைப் பார்த்தார். அது மடங்காமல் காத்திருந்தது.

"இந்தாடா, தொலை!"

சாவியை அந்தக் கையில் அழுத்திவிட்டு மேட்டில் ஏறினார்.

படகு நடு ஆற்றை அடைந்தபோதுதான், கரைக்குக் கரை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு வளைவில் திரும்பியது. ஆழமான ஆற்று நடுவில் அது வெறும் புடைப்பு. படகு ஏறி இறங்கியது, அவ்வளவுதான். கரையில் சுவராக எழுந்து உடைந்தது. இரும்புத் தூண் சாய்ந்தது. முக்காலி போன இடம் தெரியவில்லை. மேட்டில் நின்ற பொன்னுரங்கத்தையும் இடுப்பு வரை நனைத்துவிட்டு, அவர் வாயை மூடுமுன் அலை கடந்துபோயிருந்தது. நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கிற கேமராவுக்காக அது காத்திருக்குமா என்ன?

படகு திரும்பி வந்தது. பொன்னுரங்கம் சவரிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் உறுமினார்.

"என்னடா நிக்கிறே? மடத்துக்கு வர்றவங்க சவாரிக்குக் காத்திருக்காங்க பார். துணியை மாத்திட்டுப் போ."

"நனைஞ்சது நீங்கதானே ஐயா."

அவன் துடுப்பை எடுத்துக்கொண்டு போனான். பொன்னுரங்கம் குருவிடம் திரும்பினார்.

"கேமரா போச்சும்மா. நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தன் வந்து நிப்பான். அவனை எதைக் காட்டி நம்ப வைக்கிறது?"

"சாவியைக் குடுத்தீங்களே பொன்னுரங்கம், அப்போ உங்களுக்கு யார் எதைக் காட்டினாங்க?"