யாருடைய முழங்கால்?

மூங்கில் காட்டுக்குள்ளே ஒரு மடு இருந்தது. அந்த மடுவுக்கு ஒரு சட்டமும் இருந்தது. முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும்வரை யாரும் குளிக்கலாம், புரளலாம், கும்மாளம் போடலாம். அதற்குக் கீழே இறங்கினால் குடிக்க மட்டும்தான். மாதம் ஒருவர் முறை வைத்து, நடுவிலிருந்த கருங்கல் அருகே போய் நின்று அளப்பார்கள். நல்ல சட்டம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாசி மாதம் யானை நின்று பார்த்தது. "முழங்கால் அளவு!" என்றது. எல்லோரும் குளித்தார்கள்.

பங்குனியில் மானின் முறை. "முழங்கால் அளவு!" என்றது. எல்லோரும் குளித்தார்கள்.

சித்திரையில் முயல் இறங்கியது. "முழங்கால் அளவேதான்! சொட்டுக்கூடக் குறையல!" என்று கத்தியது.

யானைக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீங்களா? மூணு மாசமா மழையே இல்ல, தண்ணி அப்படியே இருக்கு. எல்லாம் என் நிர்வாகம்!" என்று சொல்லி, தண்ணீரை வாரி முதுகில் ஊற்றிக்கொண்டது.

அந்த மடுவில் வெள்ளைச்சி என்றொரு கெண்டை மீன் இருந்தாள். ஓயாமல் கேள்வி கேட்பவள். கல்லடியில் அவளுடைய குஞ்சுகள் நூறு இருக்கும். தண்ணீர் குறையவில்லை என்றால் தன் முதுகில் ஏன் வெயில் சுடுகிறது? அவளுக்கு அது விளங்கவே இல்லை.

"யானையண்ணே, ஒரு சந்தேகம்!"

"உனக்கு என்னைக்குத்தான் சந்தேகம் இல்ல? கேளு."

"முழங்கால் அளவுன்னா, யாரோட முழங்கால்?"

"இதென்ன கேள்வி? அளக்கிறவங்க முழங்கால்தான்!"

"அப்ப மூணு பேரும் ஒண்ணா இறங்கி நில்லுங்களேன். எப்படி இருக்குன்னு பார்க்க ஆசையா இருக்கு!"

"சரியான தொணதொணப்பு!" என்று முயல் முணுமுணுத்தது. ஆனாலும் மூவரும் இறங்கினார்கள்.

முயலுக்கு முழங்கால்வரை தண்ணீர். மானுக்குக் குளம்பு நனைந்தது. யானைக்கு நகம்கூட முழுதாக மூழ்கவில்லை.

யானை தன் நகத்தைப் பார்த்தது. பிறகு தன் முழங்காலைப் பார்த்தது. மாசியில் தண்ணீர் அந்த உயரத்தில் அல்லவா இருந்தது! "ஐயையோ! இத்தனையும் நாமளா காலி பண்ணினோம்?"

"வெயில் குடிச்சது பாதி, நாம கும்மாளம் போட்டது மீதி," என்றது மான்.

"இன்னும் நாலு தடவை குளிச்சீங்கன்னா என் பிள்ளைங்க ஒண்ணுகூட மிஞ்சாது," என்றாள் வெள்ளைச்சி.

யானைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்லடியில் மண்ணைத் தோண்டிக் குழியாக்கியது. குஞ்சுகள் அதற்குள் ஒதுங்கின. பிறகு தன் தந்தத்தால் கருங்கல்லின் மேல், மானின் முழங்கால் உயரத்தில், ஒரு கோடு கிழித்தது. "இனிமே இதுதான் அளவு. எனக்கும் இதுதான், முயலுக்கும் இதுதான். கோட்டுக்குக் கீழே போனா யாரும் குளிக்கக் கூடாது!"

வைகாசி முழுக்க யானை முதுகு அரிக்க அரிக்கப் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டு திரிந்தது. குடித்ததோடு சரி.

ஆனியில் மழை கொட்டியது. முயல் முதல் ஆளாக உள்ளே குதித்தது. "முழங்காலுக்கு வந்தாச்சு! வாங்க, குளிக்கலாம்!"

யானை அதைத் தும்பிக்கையால் தூக்கிக் கரையில் விட்டது. "இருப்பா! கோட்டுக்கு வந்துச்சான்னு வெள்ளைச்சியைக் கேட்டுக்குவோம்."

"இன்னும் ஒரு சாண் பாக்கி!" என்று குஞ்சுகள் சூழ நின்று குரல் கொடுத்தாள் வெள்ளைச்சி.

எல்லோருக்கும் பொதுவான தண்ணீரை ஆளுக்கொரு அளவால் அளந்தால், அது தீர்ந்துபோவதுகூட யாருக்கும் தெரியாது.