யானை விரட்டும் சபையைக் கலைத்த கதை

வேங்கைக்கோடு, பாலைமங்கலம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன நாடுகள். நடுவே ஒரு காடு. ஒரு காலத்தில் அந்தக் காட்டிலிருந்து ஒற்றை யானை ஒன்று இறங்கி வந்து, இரண்டு நாட்டு வயல்களையும் துவம்சம் செய்தது. அப்போதிருந்த ராஜாக்கள் கூடிப் பேசி, 'யானை விரட்டும் சபை' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பறையும் பந்தமும் அதன் ஆயுதம். காட்டோர நிலத்தில் யாரும் பயிர் வைக்கக் கூடாது என்று தடை போடும் அதிகாரமும் அதற்கு உண்டு. 'இனி யானை இல்லை' என்று இரண்டு ராஜாக்கள் முன்னிலையில் சபையே சொன்னால்தான் சபை கலையும் என்பது உடன்படிக்கை.

அந்த யானை என்றைக்கோ செத்துப்போனது. சபை மட்டும் கூடிக்கொண்டே இருந்தது. அப்பாவின் இடத்தில் மகன், மகனின் இடத்தில் பேரன் என்று வந்து உட்கார்ந்தார்கள். வடை பாயசத்தோடு விருந்து சாப்பிட்டு, யானை எந்தப் பக்கமாக வரலாம் என்று விவாதித்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒருநாள் பேச்சியாயி என்ற குடியானவப் பெண், வேங்கைக்கோட்டு ராஜா செழியதேவன் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, காட்டோரத்துல என் நிலம் முள்ளு மண்டிக் கெடக்கு. உழப் போனா சபைக்காரங்க ஏரைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. இந்த மழைக்கும் விதைக்கலைன்னா, புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போக வேண்டியதுதான்."

ராஜாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சபைத் தலைவர் ஆதிமூலத்தை அழைத்து விசாரித்தார்.

"யானை இருக்கிறது, அரசே! எங்களுக்குப் பயந்து காட்டுக்குள் பதுங்கியிருக்கிறது" என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டே.

அவர் போனதும், அரசவை விகடன் சொக்கேசனிடம் ராஜா புலம்பினார். "நான் தனியாகக் கலைத்தால், உடன்படிக்கையை மீறிவிட்டேன் என்று பாலைமங்கலத்தார் சண்டைக்கு வருவார்கள். என்னடா செய்வது?"

"கலைக்க வேண்டாம், ராஜா. சபைக்கு ஒரு பாராட்டு விழா எடுப்போம்!"

விழா காட்டோரத்திலேயே நடந்தது. பந்தலில் இரண்டு ராஜாக்களும் அமர்ந்திருந்தார்கள். பட்டும் மாலையுமாகச் சபையினர் நின்றார்கள்.

சொக்கேசன் கைகூப்பினான். "மகா வீரர்களே! இதோ பறை, இதோ பந்தம். உள்ளே போய் அந்த யானையை இந்தப் பக்கம் விரட்டி வாருங்கள். ராஜாக்கள் கண்குளிரப் பார்க்க வேண்டும்."

ஆதிமூலத்தின் மீசை தொங்கிவிட்டது. "இன்று நாள் சரியில்லையே..."

"ஜோசியரைக் கேட்டாயிற்று. யானை விரட்ட இதைவிட நல்ல முகூர்த்தமே இல்லையாம்."

"எனக்கு முழங்கால் வலி."

"பல்லக்கு இருக்கிறது. யானைக்குப் பக்கத்தில் உங்களை இறக்கிவிட்டு, தூக்குகிறவர்கள் மட்டும் ஓடி வந்துவிடுவார்கள்."

அந்த நேரம் பார்த்துப் புதருக்குள் ஏதோ சலசலத்தது.

"ஆதிமூலமே!" என்று சபையில் ஒருவர் அலறினார். பெருமாளைக் கூப்பிட்டாரா, தலைவரைக் கூப்பிட்டாரா, யாருக்கும் தெரியாது. தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஓட்டமாக ஓடிப்போய் ராஜாக்களின் காலில் விழுந்தார்.

"எங்களை உள்ளே அனுப்பாதீர்கள்! அங்கே யானையே இல்லை! எங்கள் தாத்தா காலத்திலேயே செத்துவிட்டது!"

"ஆமாம், ஆமாம்! சத்தியமாக இல்லை!" என்று மற்றவர்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

புதரிலிருந்து ஓர் எருமை தலையை நீட்டியது.

"இரண்டு ராஜாக்கள் முன்னிலையில் சபையே சொல்லிவிட்டது" என்றான் சொக்கேசன், சாவகாசமாக.

சபை அங்கேயே கலைந்தது. ஆதிமூலம் தன் கையாலேயே பேச்சியாயியின் ஏரைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரே நிலத்தைப் பார்க்க நடந்தாள்.

பாலைமங்கலத்து ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். தன் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசன் கழுத்தில் போட்டார். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

"வேலை முடிந்த பிறகும் ஒரு சபை நீடிப்பது இனி நடக்கவே கூடாது. அதைக் கண்காணிக்க, நம் இரண்டு நாடும் சேர்ந்து ஒரு சபை அமைத்தால் என்ன?"

சொக்கேசன் மாலையைக் கழற்றி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"அதற்குப் பதிலாக இன்னொரு யானையைப் பிடித்து வந்து விட்டுவிடலாம், மகாராஜா. யானையென்றால் என்றைக்காவது ஒருநாள் செத்துத் தொலையும்!"