காது நனைய வேண்டும்

"சாமி, இந்த உடம்பை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்?"

கரையில் நின்று உலகம்மாள் கத்திக் கேட்டாள். ஆறு அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு தன் போக்கில் போய்விட்டது.

ஆற்றின் நடுவே, பாறையின் மேல் உட்கார்ந்திருந்த சாமி காதருகே கையைக் குவித்துக் காட்டினார். கேட்கவில்லையாம்.

சாமி என்றதும் தாடி வைத்த கிழவர் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பதுகூட ஆகாத பெண்பிள்ளை. மொட்டைத் தலை, முழங்கால் தெரிய இழுத்துக் கட்டிய காவிச் சேலை. எந்த நேரமும் ஈரம்.

ஆற்றங்கரையில் இருந்த சாமியின் மடத்தில் ஒரே ஒரு சட்டம்தான். கேள்வி இருந்தால் பாறைக்கு நீந்தி வந்து கேட்க வேண்டும். நீந்தி வருகிறவர் கையில் பழத்தட்டு இருக்காது. மூச்சு வாங்குகிற நேரத்தில் யாராலும் சும்மா ஒரு கேள்வியைக் கேட்கவும் முடியாது.

விடியற்காலையில் கஞ்சி குடிக்க மட்டும் சாமி கரைக்கு வருவார். அப்போது காலில் விழுந்து கேட்டாலும், "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்பது போலத்தான் பதில் வரும்.

உலகம்மாளுக்கு வயசு ஐம்பத்தொன்று. மடத்துக்கு வந்து மூன்று வருஷம். இன்னும் பாறையைத் தொட்டதில்லை.

அவளை அங்கே யாரும் உலகம்மாள் என்று கூப்பிடுவதும் இல்லை. அம்மி என்பார்கள்.

அது ஆறு வயசில் ஒட்டிய பெயர். பிள்ளைகளோடு சேர்ந்து ஆற்றில் இறங்கப் போனாள். தாய்மாமன் மேல்படியில் நின்று சத்தம் போட்டான். "ஏய், அந்த அம்மியை வெளியே தூக்குங்கப்பா! தண்ணிக்குள்ள போட்டா அடியில போய் உக்காந்துக்கும்!"

படித்துறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். பச்சைப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும், பாவம்.

அன்றைக்குப் படியேறியவள்தான். அப்புறம் எந்த ஆற்றிலும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. பெயர் மட்டும் கூடவே வந்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கல்யாணப் பந்தலுக்குக்கூட வந்து, மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்துவிட்டுத்தான் போயிற்று.

மடத்தில் சேர்ந்த முதல் நாள் பெயரைக் கேட்டார்கள். "அம்மின்னே கூப்பிடுங்க. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, யாரும் சிரிப்பதற்குள் தானே சிரித்தாள்.

அடுத்தவர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் அவ்வளவாகச் சுடாது என்று ஒரு நினைப்பு. ஆனாலும் சுட்டது.

ஏகாதசிக்கு விரதம் இருப்பாள். உச்சிவேளையில் குழம்பு வாசனை வரும். "அம்மி எங்கே இளைக்கப் போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தட்டை எடுப்பாள்.

ஒருமுறை எல்லோரோடும் சேர்ந்து காலையில் கரையோரம் நடக்கக் கிளம்பினாள். மூன்றாம் நாள் பின்னாலிருந்து யாரோ, "அடேயப்பா, அம்மி நகருது டோய்!" என்றார்கள். வேடிக்கைக்குத்தான். நாலாம் நாள் அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அந்த மூன்று நாளும் தனக்கு மூச்சே வாங்கவில்லை என்பது அவளுக்கே மறந்துபோயிற்று.

மடத்தில் நீச்சல் பழக்கிவிடுகிறவர் மாசானம் அண்ணாச்சி. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டுக் காவி கட்டியவர். ருத்திராட்சத்தோடு சேர்த்து விசிலும் கழுத்தில் தொங்கும். ஆற்றிலும் அதே கணக்குத்தான். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ.

புதிதாக வருகிறவர்கள் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார். உலகம்மாளுக்குக் கட்டப் போனபோது குடுக்கையின் வார் வயிற்றைச் சுற்றி வரவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தார். எட்டவில்லை.

அவர் ஒன்றும் சொல்லாமல் குடுக்கையைக் கீழே வைத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பிறகு அண்ணாச்சி கிணற்றடியிலிருந்து தாம்புக்கயிற்றை அவிழ்த்து வந்தார். ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டினார். "பயப்படாதீங்க அம்மி. முங்கினா இழுத்துப் போட்டுருவோம்ல."

தினமும் கயிற்றோடு இறங்குவாள். முழங்காலைத் தண்ணீர் தொட்டதும் ஒரு விசில். நின்றுவிடுவாள். மூன்று வருஷத்தில் அவளுக்காக இரண்டு விசில் ஊதினதே இல்லை.

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. புதுத்தண்ணீர் வந்தால் பாறை முங்கிவிடும், சாமி மலைக்குப் போய்விடுவார். இந்தத் தடவை போனால் திரும்ப மாட்டார் என்று பேச்சு. இன்னும் ஒன்பதே நாள்.

கஞ்சிக் கலயத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உலகம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சாமி, இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க. என்னை எனக்கே பிடிக்கலை."

"தொட்டுக்க நார்த்தங்காய் இருக்காக்கா?"

உலகம்மாளுக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுதாள். சாமி அவசரப்படாமல் கஞ்சியைக் குடித்தார். கலயத்தை அலம்பினார். அவள் கையைப் பிடித்தார்.

"வாங்க."

இடுப்பளவு தண்ணீர். கயிறு இல்லை, குடுக்கை இல்லை.

"படுங்க" என்றார் சாமி.

"எங்க சாமி?"

"இதுலதான்."

பின்னங்கழுத்தில் ஒரு கை வந்து தாங்கியது. மேலே வானம் கலங்கலாக, பால் கலந்த நீர் மாதிரி தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் சாயுங்க. காது நனையணும்."

காதுக்குள் தண்ணீர் ஏறியது. உலகத்தின் கதவை யாரோ மெதுவாகச் சாத்தினார்கள். எங்கோ அடியில் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன.

அப்போது கரையில் மாசானம் அண்ணாச்சி பார்த்துவிட்டார். "அம்மீ!"

பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் போய்ப் பழகிய குரல். பாதி நனைந்த காதிலும் வந்து விழுந்தது. அவள் சட்டென்று தலையைத் தூக்கினாள். கால் கீழே போயிற்று. வாய் நிறையத் தண்ணீர்.

இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவையும் அப்படியே.

"ஏன் தலையைத் தூக்குறீங்க?"

"கூப்பிட்டாங்களே சாமி."

"யாரை?"

"என்னைத்தான். அம்மின்னு."

சாமி அவள் முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். "இங்க உங்களுக்கு இந்தப் பேரை யாரு வச்சா?"

உலகம்மாள் வாயைத் திறந்தாள். கரையில் நின்ற மாசானத்தைப் பார்த்தாள். முதல் நாள் தானே சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது.

அவள் பதில் சொல்வாள் என்று சாமி காத்திருக்கவில்லை. பாறைக்கு நீந்திப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஏழு நாள் உலகம்மாள் கயிற்றைக் கட்டிக்கொண்டே மிதந்து பழகினாள். முழங்கால் தண்ணீரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்வாள். தலையைத் தூக்காதவரைக்கும் ஆறு அவளை ஏந்திக்கொண்டது. அதை அவளால் நம்பவே முடியவில்லை. ஒவ்வொரு நாளும் முதல் நாள் போலவே ஆச்சரியப்பட்டாள்.

எட்டாம் நாள் கொஞ்சம் துணிந்தாள். உள்ளே சாய்ந்தவள், நீரோட்டத்தோடு பாறைப் பக்கம் போகத் தொடங்கினாள்.

கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு மூக்கும் வயிற்று மேடும்தான் தெரிந்தன. "ஐயோ, அம்மி போச்சு! இழுங்கடா, இழுங்க!" என்று மாசானம் அலறினார். ஒரு விசில், இன்னொரு விசில் என்று தனித்தனியாக ஊதித் தள்ளினார். ஆறு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள்.

சுகமாக மிதந்துகொண்டிருந்தவளை மண்ணோடு தேய்த்து, முட்டியைச் சிராய்த்து, மூக்கில் தண்ணீர் ஏற்றிக் கரை சேர்த்தார்கள்.

"நல்லவேளை, காப்பாத்திட்டோம்" என்று மாசானம் தேம்பினார். நிஜமாகவே கண்ணீர் வழிந்தது.

உலகம்மாளுக்குக் கோபமான கோபம். ஆனால் அன்பாக இழுக்கிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

ஒன்பதாம் நாள் விடிந்தபோது ஆற்றின் மேல் பனிப்புகை. அக்கரை இல்லை, பாறை இல்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மேற்கே மலையில் இடி உருண்டுகொண்டிருந்தது. தண்ணீரின் நிறம் லேசாக மாறியிருந்தது.

மாசானம் கயிற்றைக் கட்டிவிட்டு விசிலை வாயில் வைக்கும்போது அவள் முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"என்ன அம்மி இது?"

ஆற்றுக்குள் நடந்தாள். முழங்கால். ஒரு விசில் வந்தது. நடந்தாள். தொடை. இடுப்பு. இன்னொரு விசில். பயம்தான். நெஞ்சளவு வந்ததும் திரும்பி, கரையைப் பார்த்தபடியே மல்லாந்தாள்.

காது நனைந்தது.

கரையில் பத்துப் பேர் வாய் அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை.

முதலில் தன் மூச்சு கேட்டது. பெரிய வீட்டில் யாரோ அறை அறையாக நடப்பது போலக் கேட்டது. அதற்குப் பின்னால் நெஞ்சு அடிக்கும் சத்தம். இத்தனை வருஷமும் இது இங்கேயேதான் இருந்ததா என்று நினைத்தாள்.

மூச்சை இழுத்தால் உடம்பு ஒரு விரற்கடை உயர்ந்தது. விட்டால் ஒரு விரற்கடை தாழ்ந்தது. வயிறு மேலே மிதந்தது. எந்தப் புடவையாலும் மறைக்க முடியாமல் நாற்பத்தைந்து வருஷம் வைது தீர்த்த வயிறு. அது பாட்டுக்கு அவளைச் சுமந்துகொண்டு போயிற்று.

புகைக்குள்ளிருந்து ஒரு மீன்கொத்தி வந்தது, முகத்துக்கு நேர் மேலே நீலமாக ஒரு கோடு இழுத்துவிட்டு மறைந்தது. காலை ஒரு தடவை உதைத்தாள். கையை ஒரு தடவை வீசினாள். போதுமானதாக இருந்தது. எவ்வளவு நேரம் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. அழுகிறாளா, ஆற்றுத்தண்ணீரா என்றும் தெரியாது.

உச்சந்தலை எதிலோ இடித்தது.

சாமியின் உள்ளங்கை.

பாறைமேல் ஏறி உட்கார்ந்தாள். புடவையிலிருந்து ஆறு ஒழுகியது. சாமி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். பாறை குளிர்ச்சியாக, சாதாரணப் பாறையாகத்தான் இருந்தது.

"கேளுங்கக்கா."

மூன்று வருஷமாக வைத்திருந்த கேள்வியைத் தேடினாள். தொண்டை வரை வந்தது. ஈர வயிற்றின் மேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். கேள்வி அங்கேயே நின்றுவிட்டது.

"அது வேண்டாம் சாமி. வேற ஒண்ணு கேட்கட்டுமா?"

"கேளுங்க."

"தண்ணிக்குள்ள சரி. கரைக்குப் போனா காது காய்ஞ்சிடுமே. அப்ப என்ன பண்றது?"

சாமி ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் பாறையில் ஒரு சாண் ஏறியிருந்தது.

"கஞ்சி ஆறிடும். போவோம், வாங்க" என்றார்.

அவ்வளவுதான் பதில். இதற்கா மூன்று வருஷம் என்று நீங்களும் நானும் கேட்போம். உலகம்மாள் கேட்கவில்லை. தண்ணீரில் சாய்ந்துவிட்டாள்.

பாறைக்குக் கீழே ஆறு வளைந்து மறுபடி படித்துறைப் பக்கம் திரும்பும். இரண்டு பேரும் அதன் போக்கில் மிதந்து வந்தார்கள். சாமி ஒல்லி, நிமிஷத்துக்கு ஒருதரம் காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. உலகம்மாள் சும்மா வந்தாள்.

படியில் கால் ஊன்றி எழுந்தாள். தலையைச் சாய்த்து, ஒரு காதைத் தட்டினாள். பிறகு மற்றதை. தண்ணீர் சூடாக வழிந்தது. உலகத்தின் சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது.

மாசானம் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் சுருட்டின கயிறு அப்படியே இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"அம்மி..." என்றார், காற்றாக.

அவள் அவர் அருகில் போய் நின்றாள். முதல் நாள் மடத்து வாசலில் நின்ற மாதிரியே நின்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, என் பேரு உலகம்மாள்."

மாசானம் அவளையே பார்த்தார்.   கழுத்தில் தொங்கிய விசிலைத் தடவி எடுத்து வாயில் வைத்தார்.

இரண்டு விசில் ஊதினார்.